முகந்தெரியாத நூத்திருபது பேர்

யாருக்குத் தம்பி அனுப்புனீங்க? தப்பா நினைக்காதீங்க, பக்கத்துல உக்காந்திருக்கிறப்ப கண்ணு தானா போயிருது. யாரோ புள்ளைக்கு ஆப்பரேசனா? சொந்தமா? இல்ல? கூடப் படிச்சவுக புள்ளையா? அதுவும் இல்லையா! அட கடவுளே. முகந்தெரியாத புள்ளைக்கு ஐநூறு ரூவா. நல்லா இருங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்தச் செல்போன்ல கூட்டமாச் சேந்து பணம் போடுற சங்கதி இருக்கு பாருங்க, அதுல எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. ரெண்டு தடவை முங்கி எந்திரிச்சவன் நான்.

நீங்க எதுவரைக்கும்? அறந்தாங்கியா. சொந்த ஊரு? தென்காசிப் பக்கமா. சரிதான், பேச்சுலயே தெரிஞ்சுது. நான் பேராவூரணியில இறங்கிருவேன். வைரக்கண்ணுன்னா அங்க எல்லாருக்கும் தெரியும். பதினோரு மணிக்குப் பத்திர ஆபீசுல ஒரு கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து. எந்தங்கச்சி தோப்ப அடமானம் வைக்கிறா, நான் சாட்சி. நல்ல காரியந்தான், மூஞ்சியச் சுளிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சுளிங்க.

எந்தங்கச்சி பேரு பவுனம்மா. புருசன் செத்து பன்னண்டு வருசமாச்சு. ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு, ஒரே மக. அவ்வளவுதான் அவளுக்கு. மக பேரு பிருந்தா. எஞ்சினீயரு. கோயம்புத்தூர்ல பம்பு செய்யிற கம்பெனியில படம் வரையிற வேலை. படம்னா சாமி படம் இல்ல, மெசின் படம். கை நிறையச் சம்பளம். கம்முன்னு இருந்திருக்கலாம்ல? இருக்கல. ஒருநா லீவுக்கு வந்தவ, ஒரு பெட்டியக் கொண்டாந்து என் முன்னாடி வச்சா. மேல ஓட்டை, பக்கத்துல கைப்பிடி. முருங்கக்கீரைக் கொத்தை ஓட்டையில விட்டுக் கைப்பிடியச் சுத்தினா, இலை தட்டுல விழுது, காம்பு வெளியில வருது. "கீரை ஆயிற பெட்டி மாமா"ங்குறா.

எம்பொண்டாட்டி இந்திராணி வாயில கை வச்சுக்கிட்டா. "ஏண்டி, கீரையை ராத்திரி ஈரத்துணியில சுத்தி வச்சா விடியக்காலம் தானா உதிர்ந்துரும். இதுக்கு ஒரு எஞ்சினீயரா?" அப்படின்னு கேக்க வாயத் தொறந்தா. நான் ஒரு மொறை மொறைச்சேன் பாருங்க, பாதியிலயே முழுங்கிட்டா. புள்ள மனசு நொந்துரும்ல? நமக்கு வேண்டியவுகளுக்கு முன்னால அப்படியெல்லாம் பேசலாமா? மத்த பொம்பளைகளுக்கும் சொல்லி வச்சேன். யாராவது ஒரு வார்த்தை கொறையாச் சொன்னீக, நடக்குறதே வேறன்னு.

பிருந்தா என்ன சொன்னான்னா, "மாமா, செல்போன்ல ஒரு பக்கம் இருக்கு. அதுல இந்தப் பெட்டி படத்தைப் போடுவேன். பொருளு இன்னும் செய்யல, செய்யப்போறேன், வேணுங்கிறவுக முன்னாடியே பணம் கட்டுங்கன்னு சொல்லுவேன். நாப்பத்தஞ்சு நாளு. இருநூறு பேரு கட்டினா அந்தப் பணத்துலயே அச்சு வெட்டிப் பெட்டி செஞ்சு அனுப்புவேன். கட்டலேன்னா, கட்டுனவுக பணம் அவுகவுகளுக்கே திரும்பிப் போயிரும். நானும் இதை விட்டுருவேன்."

திரும்பிப் போயிருமா? எனக்கு அங்கதான் சுருக்குன்னுச்சு.

உங்களுக்கு மொய் விருந்து தெரியாதுல்ல? எங்க பக்கம் ஆடி மாசம் வந்தா ஊரு ஊருக்குப் பந்தல். கல்யாணம் காதுகுத்து ஒண்ணும் வேணாம். பணம் தேவைப்படுறவன் கிடாய வெட்டிச் சோறு போடுவான். வர்றவுக சாப்பிட்டு, மொய் எழுதிட்டுப் போவாக. அந்தப் பணத்தை வச்சு அவன் போர் போடுவான், வீடு கட்டுவான், மகனைச் சிங்கப்பூர் அனுப்புவான். அவுக விருந்து வைக்கிறப்ப இவன் கொஞ்சம் கூடப்போட்டுத் திருப்பி எழுதணும். பிருந்தா என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி சொன்னாளே, அது எங்க ஊர்ல எங்க பாட்டன் காலத்துல இருந்தே இருக்கு. கறிசோறு ஒண்ணுதான் செல்போன்ல இல்ல.

ஆனா ஒண்ணு தம்பி. போட்ட மொய்யத் திருப்பி அவன் கையிலயே குடுத்தா, அது செருப்பால அடிச்ச மாதிரி. உறவு முறிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். எம்மருமக பந்தல் போட்டு, ஆளு வராம, வந்த ஒண்ணு ரெண்டு பேரு பணத்தையும் கையில திருப்பிக் குடுத்து அனுப்புறதா? தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்?

முப்பது நாளு ஆச்சு. தங்கச்சிகிட்ட எத்தனைன்னு கேட்டேன். முப்பத்தெட்டுங்குறா. முப்பத்தெட்டு! எங்க ஊர்ல நாய் குட்டி போட்டாக்கூட அதைவிடக் கூட்டம் வரும். யாரு அந்த முப்பத்தெட்டுன்னா சென்னையில ஒருத்தி, பெங்களூர்ல ஒருத்தி, சேலத்துல ஒருத்தி, எல்லாம் ஊரு பேரு தெரியாத சனம். சொந்தத்துல ஒருத்தரும் இல்ல. அவமானமா இருந்துச்சு.

எனக்கு ஊருல வர வேண்டிய மொய் நிறைய நின்னுச்சு. வீட்டுக்கு மாடி எடுக்கணும்னு அடுத்த ஆடிக்கு விருந்து வைக்க இருந்தேன். மாடியாவது மண்ணாவது. வண்டிய எடுத்தேன். வீடு வீடாப் போனேன். "எனக்குச் செய்ய வேண்டியத என் மருமகளுக்குச் செய்யி. செல்போன்ல போடு. இதுல போட்டா என் கணக்கு தீந்துச்சு." ஒருத்தன், பேரு வேணாம், "கீரைப் பெட்டி எதுக்குண்ணே, எங்க வீட்டுல முருங்க மரமே இல்லையே"ன்னான். "மரம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, உன்னைக் கீரையா ஆயச் சொன்னேன்? பணத்தைப் போடுறா"ன்னேன். ஊர் கூடித்தானே தேர் இழுக்கணும்? நாலே நாளு தம்பி. இருநூறு தாண்டி ஓடுது.

அந்தப் பக்கத்துல கீழ எழுதுறதுக்கு இடம் இருக்கும்ல, கருத்துச் சொல்ற இடம், அதுல நம்மாளுக எழுதுன அழகைப் பாக்கணுமே. "செருவாவிடுதி மேலத்தெரு காத்தமுத்து மகன் ராசப்பா, ரூவா ஆயிரத்து எண்ணூறு." அதுக்குக் கீழ, "விருந்து எப்போது?" நாலஞ்சு பேரு தாய்மாமனுக்கு வாழ்த்துன்னு எனக்கே எழுதிட்டாக. படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு.

அந்த நேரத்துல இந்தச் சேலத்துக்காரி. "காம்புப் பொடி இலையோட கலந்து விழுமா? வீடியோவுல அந்தத் தட்டைக் கிட்டக்கக் காட்டலையே"ன்னு ஒரு கேள்வி. நல்ல காரியம் நடக்குற எடத்துல இது என்ன கேள்வி? பந்தியில உக்காந்துக்கிட்டு உப்பு இருக்கான்னு கேக்குற மாதிரி. நம்மாளுக விடுவாகளா? "இஷ்டம்னா வாங்கு, இல்லாட்டிப் போ", "எங்க ஊரு புள்ள வளர்றது பொறுக்கலையா"ன்னு ஒரே நாள்ல அறுபது எழுதிட்டாக. நானும் ஒண்ணு எழுதுனேன், அதை இங்க சொல்ல முடியாது. அந்தம்மா கேள்வியும் எங்கயோ அடியில போயிருச்சு. பிருந்தா கண்ணுலயே படல.

அவளுக்குச் சந்தேகம் வராம இல்ல. "என்ன மாமா, எல்லாம் நம்ம ஊர்ப் பக்கமாவே இருக்கு?"ன்னு போன்ல கேட்டா. "வீட்டுக்கு வீடு முருங்க நிக்குது, ஆயிற கஷ்டம் நம்ம பொம்பளைகளுக்குத்தானே தெரியும்?"ன்னேன். அப்பறம் "அப்படியா மாமா!"ன்னா பாருங்க, அந்தக் குரலுக்கு இன்னொரு மாடி வீட்டையே குடுக்கலாம். மறுமாசம் வேலைய விட்டுட்டா. இருநூத்திச் சொச்சம் பெட்டி செஞ்சு அனுப்புனா.

அனுப்புனதும் அந்த முப்பத்தெட்டுல பாதிப்பேரு ஆரம்பிச்சுட்டாக. காம்பு கலக்குது, குப்பையாக் கொட்டுது, பொறுக்கி எடுக்குறதுக்குக் கையாலயே ஆஞ்சிருக்கலாம்னு. சேலத்துக்காரியும்தான். பிருந்தா ஒடிஞ்சுபோயிட்டா. நான்தான் தைரியம் சொன்னேன். "நம்ம பக்கத்து ஆளுக நூத்தி எழுவது பேருக்கு மேல வாங்குனாகளே, ஒருத்தராவது குறை சொன்னாகளா?" சொல்லல! பெட்டியப் பிரிச்சாத்தானே சொல்லுவாக. அது எனக்குத் தெரியும், அவளுக்கு எதுக்கு அது? "ஆமா மாமா, பெருவாரியானவுகளுக்குப் பிடிச்சிருக்கு, சிலபேருதான் தப்பா விடுறாங்க போல"ன்னு தானே தேறி, இருந்த சேமிப்பு, கழுத்துல காதுல கிடந்தது எல்லாத்தையும் போட்டு இன்னும் ஐநூறு பெட்டி செஞ்சுட்டா. துணிச்சக்காரி. எங்க ரத்தம்.

ஐநூறும் வித்துச்சான்னா கேக்குறீங்க? இருபத்திரெண்டு வித்துச்சு.

எல்லாம் அந்தக் கீரமங்கலம் கல்யாணத்தால வந்த வினை. அது மட்டும் நடக்கலேன்னா இன்னிக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. எங்க சகலபாடி மகளுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை மேடையில நிக்கிறாக. வரிசையில மொத ஆளு ஒரு பரிசு குடுத்தான். மினுமினுப்புக் காகிதம் சுத்தியிருக்கு, ஆனா அளவைப் பாத்தாலே தெரியுது. ரெண்டாவது ஆளும் அதே அளவு. மூணாவது ஆளு காகிதங்கூடச் சுத்தல. கஞ்சப்பய. பெட்டி மேல பச்சையாக் கீரை படம் தெரியுது. ஏங்க, வீட்டுல சும்மா கிடக்குது, புதுசு, சீல் பிரிக்கல, ஆயிரத்து எண்ணூறு ரூவான்னு அச்சடிச்சிருக்கு. கல்யாணத்துக்குக் குடுக்காம வேற என்ன செய்வான் மனுசன்? நானே ரெண்டு வீட்டுக்கு அப்படிக் குடுத்திருக்கேன்.

பிருந்தா பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்தவ, கூட்டு வாளியோட மேடை ஓரத்துல வந்து நின்னுட்டா. பத்தொன்பது பெட்டி. பொண்ணுப்புள்ள பாவம், சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியாம நிக்கிது. போட்டோக்காரன் வேற, "பெட்டிய இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க"ங்குறான்.

சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தா. உக்காரக்கூட இல்ல.

"மாமா, ஒருத்தராவது அதுல கீரை ஆஞ்சாகளா?"

"ஆயலேன்னா என்னம்மா? பணம் வந்துச்சுல்ல?"

"எனக்குப் பணமா வேணும்? இது வேணுமா வேணாமான்னு தெரியணும்னுதானே மாமா அதுல போட்டேன். யாருக்கும் வேணாம்னா நான் வேலைய விட்டிருக்க மாட்டேன். அந்தச் சேலத்துக்காரம்மா கேட்டதை அன்னிக்கே பாத்திருந்தா அச்சு வெட்டுறதுக்கு முன்னாடியே சரி பண்ணியிருப்பேன். இப்பத்தான் கீழ வரைக்கும் போய்ப் படிச்சேன். நீங்க எழுதுனதையும் படிச்சேன்."

"உனக்காகத்தானே எழுதுனேன்?"

"எனக்காக நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உண்மையச் சொல்லியிருக்கலாம்."

போயிட்டா. பாத்தீங்களா நியாயத்தை? மாடியை விட்டுக்குடுத்தவன் நான். அலைஞ்சவன் நான். வேணுமா வேணாமான்னு தெரியணுமாம்! ஒரு பொருளு வேணும்னுதானா வாங்குறது? மனுசன் மூஞ்சிக்காகத்தானே வாங்குறது? நீங்க வாங்குறதில்ல? இப்ப அனுப்புனீங்களே ஐநூறு, அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துத்தானே? ம்? சரி, அது வேற கதை, விடுங்க.

ரெண்டு வருசம் தம்பி. ரெண்டு வருசம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஓசூர்ல ஒரு சின்னக் கம்பெனியில பாதிச் சம்பளத்துக்குச் சேந்துட்டா. பொங்கலுக்கு வந்தா, நான் வாசல்ல நுழைஞ்சா அவ கொல்லைப்பக்கம் போயிருவா. எம் மடியில வளந்த புள்ள. அப்பன் செத்தன்னிக்கு எங்கழுத்தைக் கட்டிக்கிட்டு விடாம இருந்த புள்ள. சோறு இறங்கல எனக்கு. உண்மையச் சொல்றேன், வெளிய சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே ஒழிய ராத்திரி தலையணை நனைஞ்சுரும்.

இந்த வருசம் சித்திரையில தங்கச்சி வந்து காதைக் கடிச்சா. "அண்ணே, யாருகிட்டயும் சொல்லிறாத. புள்ள பெட்டியப் புதுசா மாத்திச் செஞ்சிருக்கா, சல்லடை வச்சு. மறுபடி செல்போன்ல போட்டிருக்கா. வேற பேருல. சொந்தத்துல ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கா. முகந்தெரியாதவுக நூத்திருபது பேரு வாங்குனாத்தான் செய்வாளாம். இல்லேன்னா இதை இத்தோட தலைமுழுகிட்டு, கம்பெனியில புனேவுக்கு நல்ல வேலை குடுக்குறாக, போயிருவேங்குறா." நூத்திருபது தேறுனா வேலைய விட்டுட்டு, தோப்ப அடமானம் வச்சுச் சொந்தமாப் பட்டறை போடுறதாப் பேச்சு.

எத்தனை வந்திருக்குன்னேன். நாப்பத்தி மூணுன்னா. இன்னும் பதினாறு நாளு.

இந்தத் தடவை நான் பழைய முட்டாள் இல்ல தம்பி. போன தடவை எங்க தப்பு நடந்துச்சுன்னு ரெண்டு வருசம் உக்காந்து யோசிச்சவன். எல்லாம் ஒரே ஊருப் பேரா இருந்துச்சு. அதான் மாட்டிக்கிட்டோம். கருத்துல வேற போயி எழுதித் தொலைச்சானுவ. அதுதான் தப்பு.

எங்க பக்கத்துத் தேங்கா லாரி போகாத ஊரு கிடையாது. காங்கேயம், ஈரோடு, நெல்லூர், விசயவாடா, சோலாப்பூர் வரைக்கும் போவுது. டிரைவர்மாரு அத்தனை பேரும் பழக்கம். ஆளுக்குக் கையில ரொக்கமாக் குடுத்தேன். "நீ எந்த ஊர்ல லோடு இறக்குறியோ அந்த ஊர்லேர்ந்து, உம்பேருல, உன் போன்லேர்ந்து ஒரு பெட்டிக்குச் சொல்லு. லோடு இறக்க வர்ற ஆளுக பேருலயும் சொல்லு. எல்லாரும் ஒரே நாள்ல சொல்லாம, மாத்தி மாத்திச் சொல்லுங்க. வாயத் தொறந்து ஒரு கருத்தும் எழுதப்படாது." பணத்துக்கா? ரெண்டு கறவைப் பசுவும் ஒரு கன்னும் நின்னுச்சு, வித்துட்டேன். நாய் வித்த காசு குரைக்கவா போவுது?

கடைசி நாளைக்கு மொத நாளே நூத்திருபது ஆயிருச்சு. தங்கச்சி வீட்டுல நான் மோர் குடிச்சுக்கிட்டு இருக்கேன், போன் வருது. ஸ்பீக்கர்ல போட்டா. பிருந்தா அழுகுறா. "அம்மா, நிறைஞ்சுருச்சும்மா! சோலாப்பூர்லேர்ந்து வாங்கியிருக்காங்கம்மா, நெல்லூர்லேர்ந்து வாங்கியிருக்காங்க. நம்மாளு ஒருத்தர்கூட இல்லம்மா. நெசமாவே வேணும்னு வாங்கியிருக்காங்க." தங்கச்சியும் அழுகுறா. நான் மோரைக் கீழ வச்சுட்டு வெளிய போயிட்டேன். நின்னா நானும் அழுதுருப்பேன்.

முந்தாநாளு எனக்கே போன் வந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு அப்பறம். "மாமா"ங்குறா. "அடமானப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேணும் மாமா, வர்றீங்களா? அன்னிக்கு நான் ரொம்பப் பேசிட்டேன். இந்தத் தடவை முகந்தெரியாதவங்களே வாங்கியிருக்காங்க, இனிமே எனக்கு உங்க மேல கோவம் இல்ல"ங்குறா. "அப்படியாம்மா, ரொம்ப சந்தோசம்"னேன். எம்மக வீடு தஞ்சாவூர்ல, அங்க இருந்தவன் காலையில மொத ஆளா வந்து இந்த பஸ்ஸப் பிடிச்சுட்டேன்.

என்ன கேட்டீங்க? நெசமா எத்தனை பேருன்னா? ஏந்தம்பி, நூத்திருபது பேருந்தான். ஒவ்வொருத்தனுக்கும் பேரு இருக்கு, ஊரு இருக்கு, போன் நம்பர் இருக்கு. வந்தது அத்தனையும் நெசப் பணம். பெட்டி வந்தா வரட்டும், என் மோட்டார் கொட்டகையில அடுக்கிக்கிறேன். சரி, சரி, அந்த நாப்பத்தி மூணு கடைசியில அம்பத்தி ஒண்ணு ஆச்சு. அது ஒண்ணும் கொறைச்சல் இல்ல.

கையெழுத்துக்கு முன்னாடி சொல்லிருங்கங்குறீங்களா? நீங்க நல்லவுக, ஐநூறு ரூவா அனுப்புறீங்க, ஆனா வயசு பத்தல. சொன்னா என்ன ஆகும்? பத்திரத்தைக் கிழிப்பா. புனேவுக்குப் போவா. எங்கிட்ட ஆயுசுக்கும் பேசமாட்டா. நேத்து ராத்திரி மட்டும் மூணு தடவை போன் பண்ணியிருக்கா, மாமா மாத்திரை சாப்பிட்டீங்களா, மாமா ஜன்னலோரமா உக்காருங்கன்னு. அந்தப் பேச்சை நான் இன்னொருக்கா விடுவனா?

பேராவூரணி வந்துருச்சு. அந்தா நிக்கிறா பாருங்க, ஆத்தாளும் மகளும். கையில பையி. சிரிக்கிறா பாருங்க. தோப்பு என்ன தம்பி தோப்பு, தோப்பு போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம், பேச்சு போனா வருமா? யாரு தோப்பா? எந்தங்கச்சி தோப்புதான். காலைக் கொஞ்சம் மடக்கிக்கிங்க, நான் இறங்கணும்.